நாளை விடியற்காலை எப்படி இருக்கும்?



தை மாதத்து விடியற்காலையில் சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியின் தெருக்களில் நடப்பவர்கள் ஒரு காட்சியைக் காணத் தவறுவதில்லை. காதோடு சேர்த்துத் தலையில் துண்டு கட்டிய பெரியவர்கள். கம்பளிக் குல்லாய் அணிந்த குழந்தையை வண்டியின் முன்னே அமர்த்திக்கொண்டு பள்ளிக்கு விரையும் தந்தையர். தேநீர்க் கடை அடுப்பின் அருகே குளிர்காய்ந்து நிற்கும் இரவுக் காவலர்கள். வடக்கே நகரமலையும் அதற்கு அப்பால் சேர்வராயன் மலையும் பனித்திரைக்குள் மறைந்து கிடக்கும். அதே தெருவில் நண்பகலில் வந்து நின்றாலோ, வெயிலுக்குக் குடை வேண்டியிருக்கும்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள் நண்பர் ஒருவர் நாளிதழை மடக்கிப் பிடித்தபடி என் வீட்டுக்கு வந்தார். “பார்த்தீர்களா சார்! சேலம் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் மழை என்று நேற்றுப் போட்டிருந்தான். நம் தெருவில் ஒரு பொட்டுக்கூட விழவில்லை. இதைவிட எங்கள் பாட்டி மேலே பார்த்துச் சொன்னால் பலிக்கும்” என்று கூறிச் சிரித்தார். நானும் உடன் சிரித்தேன். ஆயினும் அவர் சென்ற பிறகு எண்ணிப் பார்த்தேன். அந்த அறிவிப்பு பொய்த்ததா? அல்லது அதை வாசிக்கும் முறை நமக்குத் தெரியவில்லையா? அவருடைய பாட்டியார் மேலே பார்த்துக் கண்டதுதான் என்ன? இம்மாதம் இவற்றைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் நம் ஊரின் அமைப்பைப் பார்ப்போம். சேலம் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 280 மீட்டர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே ஒரு தாம்பாளம் போல அமைந்திருக்கிறது. வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. நகரமலைக்கும் வடக்கே சேர்வராயன் மலைத்தொடர் எழுந்து நிற்கிறது; அதன் மேலுள்ள ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுடையது. ஒரு கிலோமீட்டர் மேலே செல்லச் செல்லக் காற்றின் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே ஏற்காட்டில் குளிர்வது வியப்பன்று. மலைமேல் இல்லாத நாம் ஏன் நடுங்குகிறோம் என்பதே கேள்வி.

அதற்கு விடை இரவில் இருக்கிறது. பகலெல்லாம் ஞாயிற்றின் வெப்பத்தை வாங்கிய நிலம், இரவில் அதை வானை நோக்கித் திருப்பிவிடுகிறது. வானில் மேகம் இருந்தால் அது ஒரு கம்பளியைப் போல நின்று, அவ்வெப்பத்தில் ஒரு பகுதியை மீண்டும் நிலத்திற்கே அனுப்புகிறது. மேகமற்று, காற்றும் அசையாது, ஈரப்பதமும் குறைந்திருந்தால் வெப்பம் தடையின்றி வெளியேறிவிடுகிறது. நிலம் குளிர்கிறது, நிலத்தைத் தொட்ட காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. மலைச்சரிவில் குளிர்ந்த காற்று, நீர் ஓடுவதைப் போலவே மெல்லச் சரிந்து தாழ்வான இடங்களில் வந்து தேங்குகிறது. மலையடிவாரத்திலும் பள்ளமான இடங்களிலும் விடியலில் குளிர் மிகுவது இதனாலேதான். ஞாயிறு எழும் நேரத்தை ஒட்டியே வெப்பம் மிகவும் தாழ்ந்து நிற்கும். நள்ளிரவில் தாங்கக்கூடியதாக இருந்த குளிர், அதிகாலையில் எலும்பைத் தொடுவதன் காரணம் இதுவே.

“தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்” என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மேகம் கலைந்து, வானம் தெளிவடையும் காலம் தை. வானிலைத் துறையினரும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களையே குளிர்காலம் என்று வகுத்திருக்கிறார்கள். ஜனவரி மாதத்தில் நம் சமவெளியின் விடியல் வெப்பம் சாதாரணமாக 18, 19 டிகிரி வரை இறங்குகிறது; பிற்பகலிலோ 30 டிகிரியை எட்டுகிறது. வட இந்தியரும் ஐரோப்பியரும் நம் 18 டிகிரியைக் கேட்டால் நகைக்கக்கூடும். ஆனால் ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறி இறங்கும் அந்த ஊசலாட்டம், முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் இரைப்பு நோயாளிகளையும் வாட்டுகிறது என்பதை நாம் அறிவோம்.

இனிப் பாட்டியார் மேலே பார்த்துக் கண்டது என்னவென்று சொல்லலாம். மாலை ஏழு மணிக்கு முற்றத்தில் நின்று பாருங்கள். விண்மீன்கள் கழுவி வைத்தாற்போல் தெளிவாகத் தெரிகின்றனவா? மரத்தின் இலை அசையாமல் நிற்கிறதா? அடுப்புப் புகை மேலே ஏறாமல் கூரை மட்டத்திலேயே படுத்துக் கிடக்கிறதா? அப்படியானால் நாளை விடியல் குளிரும் என்று எண்ணிக்கொள்ளலாம். ஓரிரு நாள்களுக்கு முன் மழை பெய்து நிலம் ஈரமாகவும் இருந்தால், குளிரோடு மூடுபனியும் சேரும். அதிகாலையில் வண்டி ஓட்டுபவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மாறாக, கீழ்க்காற்று வீசி, வானம் மப்பும் மந்தாரமுமாக இருந்தால், விடியல் அவ்வளவு குளிராது. ஆனால் பகல் வழக்கத்தைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். பாட்டியார் கண்டது மாயமன்று. தலைமுறை தலைமுறையாகக் கூர்ந்து நோக்கிய அனுபவமே அது.

எனினும் அந்த அனுபவத்திற்கு ஓர் எல்லை உண்டு. முற்றத்தில் நின்றால் கண்ணுக்கெட்டிய வானம் மட்டுமே தெரியும். வங்கக் கடலில் உருவாகி வருவது தெரியாது. 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. புயல் என்பது கடலோரத்தாரின் கவலை என்றே உள்நாட்டில் வாழும் நம்மில் பலர் எண்ணிப் பழகியிருக்கிறோம். வலுவிழந்த அந்தப் புயலின் எச்சமோ மெல்ல மெல்ல உள்நாட்டை நோக்கி நகர்ந்தது. டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தது. அதற்கு முந்தைய நாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவு வீட்டின்மேல் விழுந்து, குழந்தைகள் உள்பட 7 உயிர்களைக் கொண்டுபோயிற்று. கடலிலிருந்து வெகுதூரத்தில் வாழ்கிறோம் என்பது பாதுகாப்பு ஆகாது என்ற பாடத்தை அந்த மூன்று நாள்கள் நமக்குக் கற்பித்தன.

ஆகவே பாட்டியின் கண்ணும் வேண்டும். வானிலை நிலையத்தின் கண்ணும் வேண்டும். இரண்டாவதை வாசிக்க நாம் சிறிது பழக வேண்டும். என் நண்பரைச் சிரிக்க வைத்த “ஓரிரு இடங்களில்” என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அது பொத்தாம் பொதுவாகச் சொல்லப்பட்ட சொல் அன்று. ஒரு பகுதியிலுள்ள மழை அளவிடும் நிலையங்களில் நூற்றுக்கு 25க்கு மேற்படாத நிலையங்களில் மழை பெய்யும் என்பது அதன் பொருள். “பெரும்பாலான இடங்களில்” என்றால் நூற்றுக்கு 75க்கு மேற்பட்ட நிலையங்கள் என்று கொள்க. எனவே ஓரிரு இடங்களில் மழை என்று அறிவித்து, ஃபேர்லேண்ட்ஸில் பெய்யாமல் வாழப்பாடியிலோ ஆத்தூரிலோ பெய்திருந்தால், அறிவிப்பு பலித்தது என்பதே நேர்மையான தீர்ப்பு.

“கனமழை” என்பதற்கும் அளவுண்டு. 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை மிகக் கனமழை. 20ஐத் தாண்டினால் அதிகனமழை. அந்த 24 மணி நேரம் காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30க்கு முடிகிறது. மஞ்சள் நிற எச்சரிக்கை விழிப்பாயிருக்கச் சொல்கிறது. ஆரஞ்சு நிறம் ஆயத்தமாகச் சொல்கிறது. சிவப்பு நிறம் உடனே செயல்படச் சொல்கிறது. வெப்பநிலையைப் பொறுத்தவரை மற்றொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். வானிலை நிலையத்தில் வெப்பமானி, காற்றோட்டமுள்ள ஒரு வெண்ணிற மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து ஏறத்தாழ நான்கு அடி உயரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. தெளிந்த இரவில் வெறுந்தரை அதனினும் குளிர்ந்திருக்கும். அறிவிப்பில் 18 டிகிரி என்று வந்தால், தரையில் படுத்திருப்பவனுக்கு அது 18 அன்று என்பதை மறக்கலாகாது.

இத்தகைய நான்கு நாள், ஐந்து நாள் அறிவிப்பை நம்பிப் பிழைப்பவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். 1997ஆம் ஆண்டு சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல்லைப் பாருங்கள். நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டைகளை அனுப்பும் பூமி அது. அங்கே 1985இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியின் வளாகத்திலிருந்து, அடுத்த சில நாள்களுக்கான வெப்பம், காற்றின் வேகம், திசை, ஈரப்பதம் ஆகியவற்றையும், அவற்றுக்கேற்பக் கோழிகளை எவ்வாறு பேண வேண்டும் என்ற அறிவுரையையும் தொடர்ந்து வெளியிட்டு வருகிறார்கள். உள்ளூர் நாளிதழ்களில் அதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம்மில் பலர் அதைத் தாண்டிச் சென்றிருப்போம்.

கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவரிடம் ஒருமுறை இதைப்பற்றிக் கேட்டேன். “கோழிக்குக் கம்பளி போர்த்த முடியுமாங்க, ஐயா? தீவனத்தைத்தான் மாத்தணும். அதுக்கு முன்கூட்டியே தெரியணுமுங்க” என்றார் அவர். குளிர் மிகுந்தால் கோழி தன் உடற்சூட்டைக் காத்துக்கொள்ள அதிகத் தீவனம் தின்கிறது. அதற்கேற்பத் தீவனத்தின் எரிசக்தியைச் சரிசெய்யாவிட்டால் செலவு ஏறுமே ஒழிய முட்டை ஏறாது. பனியில் தீவனம் ஈரமானால் பூஞ்சைக் காளான் பிடித்து நஞ்சாகிவிடும். குளிருக்கு அஞ்சிப் பக்கப் படுதாக்களை முழுவதும் இறக்கிவிட்டாலோ, எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா வாயு வெளியேறாமல் கோழிகளின் மூச்சை அடைக்கும். இரண்டு டிகிரி இறக்கம் என்ற ஒரு வரிச் செய்தி, அவருக்குக் குடும்பத்தின் மாத வரவுசெலவே ஆகும்.

அவ்வாறே ஜவ்வரிசி ஆலைகளை எண்ணிப் பாருங்கள். குச்சிக்கிழங்கு அறுவடையாகி ஆலைக்கு வரும் காலமும் இக்குளிர்காலத்தை ஒட்டியதே. ஈர மாவும் ஜவ்வரிசியும் சிமெண்டுக் களத்தில் பரப்பப்பட்டு வெயிலில் உலர வேண்டும். எதிர்பாராத ஒரு தூறல் விழுந்தால் களத்தில் கிடப்பது நனைந்து நிறம் கெடும், விலை விழும். அன்றாடம் களத்தில் வேலை செய்து கூலி பெறும் பெண்களுக்கு அன்றைய கூலியும் போகும். அம்மாப்பேட்டையிலும் குகையிலும் நெசவை நம்பி வாழும் குடும்பங்களிலும், கஞ்சி தோய்த்த பாவைத் தெருவில் நீட்டி உலர்த்துவோர் காலை வெயிலையே நம்பியிருக்கிறார்கள். வானிலை அறிவிப்பு நமக்கு ஒரு செய்தி. அவர்களுக்கு அது வயிற்றுப்பாடு.

முன்னறிவிப்பை எள்ளி நகையாடுவது இன்று தோன்றிய வழக்கமன்று. விஞ்ஞானி டார்வினை ஏற்றிச் சென்ற பீகிள் கப்பலின் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய் என்பவர், 1854இல் இங்கிலாந்தின் வானிலைத் துறைக்குப் பொறுப்பேற்றார். 1859 அக்டோபரில் ‘ராயல் சார்ட்டர்’ என்ற கப்பல் வேல்ஸ் நாட்டுக் கரையோரம் புயலில் சிக்கி உடைந்து, நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்துயரத்தைக் கண்ட அவர், தந்தி மூலம் பல ஊர்களின் வானிலையைத் திரட்டி, 1861இல் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாள் லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழில் பொதுமக்களுக்கான வானிலை முன்னறிவிப்பும் வெளிவந்தது. இது ஆரூடமன்று, கணித்துக் கூறும் கருத்து மட்டுமே என்று அவர் வற்புறுத்திச் சொன்னார். ஆயினும் தவறிய நாள்களையே எண்ணி உலகம் அவரைக் கேலி செய்தது. 1865இல் மனமுடைந்து அவர் இறந்தார். மறு ஆண்டு அறிஞர்கள் கூடி, போதிய ஆதாரமில்லை என்று எச்சரிக்கைகளை நிறுத்தினர். அப்போது அவை மீண்டும் வேண்டும் என்று கேட்டவர்கள் யார்? கடலுக்குச் செல்வோரும் துறைமுகத்தாருமே! 1867இல் எச்சரிக்கைகள் மீண்டும் தொடங்கின. நூற்றுக்கு நூறு சரியாக இராவிட்டாலும் உயிர் காக்கும் என்பதை, உயிரைப் பணயம் வைத்தவர்கள் அறிந்திருந்தார்கள்.

நம் நாட்டிலும் துயரத்திலிருந்தே இத்துறை பிறந்தது. 1864இல் கல்கத்தாவைத் தாக்கிய புயலும், அதன் பின் மழை பொய்த்த ஆண்டுகளும் 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றக் காரணமாயின. 1945 முதல் உழவர்களுக்கெனத் தனி வானிலை அறிக்கைகள் வானொலி வழியே ஒலிக்கத் தொடங்கின. இன்று செயற்கைக்கோள்களும் கணிப்பொறிகளும் துணைநிற்கின்றன. பத்தாண்டுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் முன்னறிவிப்பு வளர்ந்திருப்பதாக அறிஞர் கூறுவர். அதாவது முன்பு நாளைக்குச் சொன்ன துல்லியத்தோடு இப்போது நான்கைந்து நாள் கழித்து வருவதையும் சொல்ல முடிகிறது. இருப்பினும் நாளைக்குச் சொல்வது போல ஐந்தாம் நாளுக்குச் சொல்ல இயலாது. ஆகவே ஒருமுறை பார்த்துவிட்டு இருந்துவிடாமல், நாள்தோறும் மாலையில் புதிய அறிவிப்பைக் கேட்பதே முறை.

குடும்பத் தலைவியர்க்கும் தலைவர்க்கும் சில வேண்டுகோள்கள். குளிர் கூடும் என்று அறிவிப்பு வந்தால், முதியோர் தங்கள் காலை நடையை வெயில் ஏறும் வரை ஒத்திவைக்கட்டும். நடை எங்கும் ஓடிவிடாது. அசைவற்ற குளிர்காற்றில் புகையும் தூசியும் தரையோடு தங்குவதால், இரைப்பு நோயாளிகளுக்கு அவ்வேளை ஆகாது. பச்சிளங் குழந்தைகளின் தலையையும் பாதங்களையும் மூடி வையுங்கள். கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலிக்குத் தூக்கி வரும்போது இது மிகவும் அவசியம். குளிருக்காகக் கரி அடுப்பை மூட்டி, கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு உறங்குவது உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து எழும் நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உறங்கியவர் விழிக்கமாட்டார். ஏற்காடு போன்ற மலையூர்களுக்குச் சுற்றுலாச் செல்வோர் இதை மறவாதிருப்பாராக.

நிறைவாக, என் மனத்தை விட்டு நீங்காத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். சென்ற தை மாதத்தில் உறவினர் ஒருவரைப் பார்க்க அதிகாலையில் ஒரு மருத்துவமனைக்குச் சென்றிருந்தேன். நோயாளிகளுக்குத் துணையாக மலைக் கிராமங்களிலிருந்தும் சமவெளிச் சிற்றூர்களிலிருந்தும் வந்தவர்கள் தாழ்வாரத்தில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். ஒரு மூதாட்டி, யாரோ வாசித்துவிட்டுப் போட்ட நாளிதழைத் தரையில் விரித்து, சேலைத் தலைப்பையே போர்வையாக்கிச் சுருண்டு கிடந்தார். அவருடைய காலடியில் கிடந்த பக்கத்தில், அன்றைய விடியல் வெப்பம் இத்தனை டிகிரி என்று அச்சிட்டிருந்தது. முந்தைய நாள் காலை அதே வரியை நானும் வாசித்திருந்தேன். வாசித்து, என் போர்வையை எடுத்து வைத்துக்கொண்டேன். அவரைப் போன்றவர்களை நினைத்தேனா என்றால், இல்லை.

வானிலை முன்னறிவிப்பின் பயன் முதலில் நம்மை நாம் காத்துக்கொள்வது, அதோடு நின்றுவிடலாகாது. நாளை குளிரும் என்று இன்று மாலையே நமக்குத் தெரிகிறது. தெருமுனைக் காவலருக்கு ஒரு பழைய கம்பளி, தாழ்வாரத்தில் படுப்பவருக்கு ஒரு பாயும் போர்வையும், அலமாரியில் மடிந்து கிடப்பவற்றிலிருந்தே கொடுக்கலாம். இரவு பத்து மணிக்குள் கொடுத்துவிட்டால் அது விடியற்காலை நான்கு மணிக்கு உதவும். அன்று என் வீட்டுக்கு வந்து சிரித்த நண்பரிடமும் இதைச் சொன்னேன். சிறிது நேரம் அமைதியாயிருந்தவர், “எங்கள் வீட்டிலும் இரண்டு கம்பளி சும்மா கிடக்கிறது, சார்” என்றார். மறுநாள் மாலை நாங்கள் இருவரும் சேர்ந்தே அந்தத் தாழ்வாரத்துக்குச் சென்றோம். வானம் தெளிவாக இருந்தது, இலை அசையவில்லை.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.